பூதம் இழுத்த கால்

பூதம் கடைத்தெருவுக்குள் காலெடுத்து வைத்ததும் அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் ஆரம்பித்தால் போதாதா? வரிசை வரிசையாகச் சிரிப்பு தொற்றிக்கொண்டு பின்சுவர் வரைக்கும் வந்தது. திரையில் இரண்டாள் உயரத்துக்கு இருந்த அந்த உருவம் முகவாயைத் தூக்கியது. பக்கத்துக் கடைச் சுவரைத் தடவிப் பிடித்தது. ஒரு காலை முன்னே வைத்து, மற்றக் காலைத் தரையோடு இழுத்துக்கொண்டுவந்து சேர்த்தது. நின்று மூச்சு வாங்கியது. பிறகு மறுபடியும் முகவாய். ஊரே சேர்ந்து அடித்துப்போட்ட பூதம் வீட்டுக்குத் திரும்பிப் போகிற காட்சி அது. பின்சுவரில் சாய்ந்து நின்றவர் ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனையாவது அடியில் சிரிப்பு நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் டைரக்டர் அன்று காலை அவருக்குக் கொடுத்திருந்த வேலை. ஏழாவது அடியில் பூதம் நின்று, மெல்லத் தலையைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்தது. சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஏழு என்று கையிலிருந்த தாளில் எழுதினார். எட்டாவது வரிசையில், நடைபாதை ஓரத்து நாற்காலியில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் சிரித்தபோது அவள் தலை அசையவில்லை. எல்லோரும் அடங்கியபோதும் அசையவில்லை.

படப்பிடிப்பில் அவரை உள்ளாள் என்றுதான் கூப்பிடுவார்கள். கரடி, குரங்கு, ஒற்றைக்கண் அரக்கன், ஒரு பற்பசை விளம்பரத்தில் சொத்தை விழுந்த கடைவாய்ப்பல் என்று முப்பது வருடமாக எதற்குள்ளாவது நுழைந்துகொண்டிருந்தவர். முகம் தெரியாத வேலை. ஒருமுறை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் குழந்தைக்கு அந்தக் கரடியைப் பற்றி அரை மணி நேரம் கதை சொல்லிக்கொண்டு வந்தார். கரடி ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்து, தன் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டது. அதில் அவருக்கு வருத்தமெல்லாம் கிடையாது. ரப்பர் உடுப்பை மாட்டி முதுகுப்பக்கம் ஜிப்பை இழுத்துவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டாம், அது ஒரு நிம்மதி என்பார்.

ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஒரு ஆள் வீட்டில் இருந்தாள். புதிதாக எந்த மிருகம் வந்தாலும் முதலில் மனைவிக்கு முன்னால் நடந்து காட்டியாக வேண்டும். அவள் காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள். பார்த்து முடித்ததும் ஒரு அபிப்பிராயம் விழும். “கரடியெல்லாம் சரிதாங்க. ஆனா கரடிக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்? ரயிலைப் பிடிக்கவா ஓடுது?” என்பாள். குரங்கைப் பார்த்துவிட்டு, “இது மாடி வீட்டுக்காரர். நீங்க குரங்கைக் காட்டுங்க” என்றாள். அவள் சொன்னதைத் திருத்திக்கொண்டு போன நாளில் எந்த டைரக்டரும் இரண்டாவது தடவை எடுக்கச் சொன்னதில்லை. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து, வாய் ஓரம் லேசாகக் கோணிப்போன பிறகும் அந்த வாயிலிருந்து அபிப்பிராயம் வருவது நிற்கவில்லை.

இந்தப் பூதத்தை மட்டும் அவர் அவளுக்குக் காட்டவில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் வாசல் கதவருகே அட்டைப் பெட்டியை ஏந்திக்கொண்டு நின்றார். படம் வெளிவருமுன் கருத்துக் கேட்பதற்காகப் போட்ட காட்சி என்பதால் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். படம் பிடித்ததா, எந்தக் காட்சி பிடித்தது, எதை வெட்டலாம், பூதம் எப்படி என்று நான்கு கேள்விகள். பெயர் எழுத வேண்டாம். ஆட்கள் சீட்டைப் போட்டுவிட்டு, பெட்டியைப் பிடித்திருப்பவரைத் திரும்பிப் பார்க்காமல், காது கேட்கவே பேசிக்கொண்டு போனார்கள்.

“சிரிப்புப் படம்னு சொன்னியேடி, மூக்கைச் சிந்த வெச்சுட்டானே!”

“பூதம் இல்லாம இருந்தா நல்ல குடும்பப் படம்.”

“குடும்பம் இல்லாம இருந்தா நல்ல பூதப் படம்.”

“வேலை போனதை வீட்ல சொல்லாம தினம் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் பூங்காவுல போய் உக்காந்திருக்கானே, அதெல்லாம் நம்ம மச்சான் கதை. பூதம் ஒண்ணுதான் குறைச்சல்.”

படத்தின் கதை அதுதான். வேலை போன ஒரு குமாஸ்தா. அவன் வீட்டில் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும், பின்கட்டில் பாழடைந்த தண்ணீர்த் தொட்டிக்குள் ஒன்று வளர்கிறது. முதல் அரை மணி நேரம் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். நடுவில் ஒரு காதல், ஒரு பாட்டு. பிறகு தொட்டிச் சுவர் உடைகிறது. சிரிப்பா, பயமா, அழுகையா என்று டைரக்டருக்கே தெரியாது என்று படப்பிடிப்பில் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

மகள் கூட்டம் குறையும்வரை காத்திருந்து கடைசியில் வந்தாள். சீட்டை நான்காக மடித்திருந்தாள். பெட்டிக்குள் போட்டுவிட்டு, “பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா?” என்றாள்.

“போட்டேம்மா.”

“சரி. ட்யூட்டிக்கு நேரமாச்சு.”

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே போய்விட்டாள். அவளுடைய அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்ற இரண்டு கேள்விகளோடு சரி. வீட்டுக்கு வந்தால் கூடத்தோடு திரும்பிவிடுவாள். படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் அந்த நடைவழியில் அவள் கால் வைப்பதில்லை. ஏன் என்று அவர் கேட்டதும் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

அரங்கின் முன்கூடத்தில் மேசையைப் போட்டுச் சீட்டுகளைக் கொட்டினார்கள். டைரக்டர், எடிட்டர், உள்ளாள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். டைரக்டருக்கு முப்பது வயது இருக்கும். சந்தோஷம் வந்தால் உட்கார மாட்டான், வருத்தம் வந்தால் சாப்பிட மாட்டான். அன்று நின்றுகொண்டேயிருந்தான். சிரித்தவர்கள், அழுதவர்கள், குழம்பினவர்கள் என்று மூன்று குவியல் போடச் சொன்னான்.

“ஏழாவது அடியா? நிச்சயமா ஏழா? அண்ணே, உங்க காலைக் காட்டுங்க, கும்பிட்டுக்கறேன்” என்றான். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நாடகம் மாதிரி படித்தான். “‘பூதம் என் முதலாளி மாதிரி இருந்தது, ஆனால் பூதத்துக்கு இரக்கம் இருக்கிறது.’ சிரிச்சவங்க. ‘பூதத்தைக் கொன்றிருக்கலாம், பாட்டையும் கொன்றிருக்கலாம்.’ இதையும் அங்கேயே போடுங்க. ‘நடந்து போகும்போது எங்கள் வீட்டில் ஒருவர் ஞாபகம் வந்தது.’ அழுதவங்க. ‘படம் எதைப் பற்றி என்று தெரியவில்லை, ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு உண்மையைச் சொல்லப் போகிறேன்.’ யம்மாடி, இந்த ஆள் வீட்ல இன்னிக்கு என்ன கூத்தோ!”

எடிட்டர் பெண் சிரித்துக்கொண்டே குவியல்களை நேராக்கினாள். உள்ளாளுக்குக் கண்ணெல்லாம் அந்த நான்காக மடித்த சீட்டின் மேல். அது டைரக்டரின் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

“முதல் மூணு கேள்விக்குப் பதிலே இல்ல. நாலாவதுல மட்டும், ‘இழுக்கும் கால் தவறு. இடது கால்.’ இடதைச் சுத்தி வட்டம் வேற.” டைரக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். “இது எந்த டாக்டர்? பூதத்துக்கு எந்தக் கால் சுளுக்கினா இவருக்கு என்னவாம்? குழம்பினவங்க.”

சீட்டு மூன்றாவது குவியலில் விழுந்தது. உள்ளாளின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த எழுத்து அவருக்குத் தெரியும். இரண்டு வருடம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த மாத்திரை அட்டவணையில் இருந்த அதே எழுத்து. மகள் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். இடம் வலம் மாறினால் நல்ல காலை அறுத்துவிடுவார்கள் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்களாம். அதிலிருந்து எந்தச் சீட்டிலும் இடது, வலது என்று எழுதினால் அவள் கை தானாக ஒரு வட்டம் போட்டுவிடும். மற்றவர்கள் அசந்த நேரம் பார்த்து அவர் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது, ரப்பரையும் ரோமத்தையும் தாண்டி எப்படித் தெரியும் என்று ஒன்றரை வருடமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு வரியில் போயிற்று. அதைவிட, அந்த வரி சொன்னது அவரைக் கீழே தள்ளியது. வீட்டுக்கு வந்து நடைவழியில் நின்று, பூதம் எந்தக் காலை இழுத்தது என்று நினைத்துப் பார்த்தார். வலது. சந்தேகமே இல்லை, வலதுதான். மனைவிக்கு விழுந்தது இடது. இரண்டு வருடம் அந்த இடது காலுக்குத் தைலம் தேய்த்த கை இது. நடந்து பார்த்தார். இடதை இழுக்கப் போனால் உடம்பு வலதைத்தான் இழுத்தது. திருட்டையும் சரியாகச் செய்யத் தெரியாத திருடன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன் டைரக்டர் சொன்னான்: “அண்ணே, நீங்க நடக்கிறது சண்டைக்குப் போற நடை. எனக்கு அடிபட்டு வீட்டுக்குத் திரும்புற நடை வேணும். வலிக்குது, ஆனா வலிக்குதுன்னு யாருக்கும் காட்டக் கூடாது.” ராத்திரி முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் மனைவியைக் குளியலறைக்குக் கூட்டிப் போனார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். அவர் அவளுக்கு முன்னால், அவளைப் பார்த்து நின்று, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் அடி வைப்பார். அவள் அவரைப் பார்த்து நடந்து வருவாள். கட்டிலிலிருந்து பதினான்கு அடி. விடுமுறையில் வந்திருந்தால் மகள் அவர் முதுகுக்குப் பின்னால் போய், முக்காலி, வாளி, செருப்பு என்று வழியில் கிடப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டே போவாள். அன்று பாதி வழியில் அவருக்குப் பளிச்சென்று பட்டது. வலிக்கிறது, காட்டக் கூடாது. அவர் தேடிய நடை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

கையை விட்டார். “இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் பின்பக்கம் போய், அலமாரியோரம் ஒதுங்கி நின்றார். அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு முகவாயைத் தூக்கினாள், சுவரைத் தடவினாள், ஒரு அடி வைத்தாள். அவர் கண்கொட்டாமல் பார்த்தார். முகவாயையும் கையையும் மூச்சையும் மனசுக்குள் எழுதிக்கொண்டார். கடவுளே, எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுகூடத் தோன்றியது. ஏழு அடி. அப்புறம் நின்று, மெல்லத் தலையைத் திருப்பி, “ஏங்க, ஏன் அங்கேயே நின்னுட்டீங்க?” என்றாள்.

அன்று விடுமுறையில் வந்திருந்த மகள்தான் குளியலறையிலிருந்து துண்டோடு வெளியே வந்து, ஓடிப்போய்ப் பிடித்தாள். “அம்மாவைத் தனியா விட்டுட்டு என்னப்பா பாத்துட்டு நிக்கிறீங்க?”

“தானா நடக்கிறாளான்னு பாத்தேன். டாக்டர் விட்டுப் பாக்கச் சொன்னார்.”

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. மகள் நம்பவில்லை. மனைவி நம்பினாள். அதுதான் இன்றுவரைக்கும் அவர் தொண்டையில் முள்ளாக நிற்பது. ஒரு வாரம் வந்தவர் போனவரிடமெல்லாம், “நான் தனியா ஏழு அடி நடந்தேன், தெரியுமா? இவர் வேணும்னே கையை விட்டுட்டார், நான் நடந்துட்டேன்” என்று கோணிய வாயால் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பேப்பர் போடுகிறவரைக்கூட விடவில்லை. அவர் மத்தியான நேரங்களில் அவள் தூங்கியதும் கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். கண்ணாடிக்குள் அவள் தன்னைப் பார்த்து நடந்து வருகிற மாதிரி வரும்வரைக்கும் விடாமல் பழகினார்.

படப்பிடிப்புக்குப் போன அன்று காலையில் அவள் கேட்டாள். “இந்தத் தடவை எனக்குக் காட்டவேயில்லையே. என்ன மிருகம்?”

“பூதம். உடுப்புக்குள்ள போனாத்தான் அது வரும்.”

“அடேங்கப்பா! கடைவாய்ப்பல்லையே காட்டின ஆளுக்கு இன்னிக்கு வெக்கமா?” என்று சிரித்தாள். ஐந்து வாரம் கழித்துப் பக்கவாதம் இரண்டாம் தடவை வந்தபோது அவளை ஒரேயடியாகக் கொண்டுபோய்விட்டது. காட்டியிருக்கலாம். அவளுக்குப் புரிந்திருக்கும், புரிந்து முகம் வாடியிருக்கும், அல்லது விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், யார் கண்டது? ஒன்று மட்டும் நிச்சயம். கால் தப்பு என்று அப்போதே சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ஸ்கேன் சென்டருக்குப் போனார். கையில் கட்டோடும் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் அவரும் உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் ஈய அங்கி போட்ட மகள் தலையை நீட்டி அடுத்தவரைக் கூப்பிட்டாள். இரண்டாவது தடவை அவரைப் பார்த்தாள். கண்ணில் ஒன்றும் காட்டாமல் ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஆள் இல்லாத ஒரு இடைவெளியில் அங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். மடிப்பைப் பிரிக்கவில்லை.

“பாத்துட்டேன்” என்றார்.

“ம்.”

“அன்னிக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லல.”

“தெரியும். நான் மறுநாளே டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டேன்.” அவள் குரல் உயரவில்லை. “எதுக்கு நின்னீங்கன்னுதான் தெரியாம இருந்துச்சு. பயந்துட்டீங்களா, சலிச்சுப்போச்சா, கொஞ்ச நேரம் எல்லாம் முடிஞ்சாத் தேவலைன்னு தோணுச்சா, என்னென்னவோ நினைச்சேன். உங்களுக்காக நானே சமாதானமும் சொல்லிக்கிட்டேன். ரெண்டு வருஷம் பாத்த மனுஷன், ஒரு நாள் கை அலுத்துப்போச்சு, விட்டுட்டாருன்னு. ஏழு அடி நடந்தேன் நடந்தேன்னு அம்மா ஊர் பூரா சொன்னாங்களே. அது படத்துக்குத்தானாப்பா?”

பொய் சொல்ல நாக்கு துடித்தது. படத்தில் வரும் குமாஸ்தாவும் இந்த இடத்தில்தான் பொய் சொல்வான்.

“ஆமாம்மா” என்றார்.

அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கட்டுப் போட்டவர் இருமினார். உள்ளேயிருந்து யாரோ அடுத்த ஆளின் எண்ணைச் சொன்னார்கள்.

“எடுத்துக்கிட்டதுதான் எடுத்துக்கிட்டீங்க. அதையாவது சரியாப் பாத்திருக்கக் கூடாதா? எந்தக் கால்னுகூடத் தெரியாம அப்படி என்னத்தைப் பாத்தீங்க?” என்றாள். எழுந்து அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடினார். அன்று சாயங்காலமே எடிட்டருக்குப் போன் போட்டு, அந்த நடையை மாற்ற முடியுமா என்று கேட்டார். உடுப்பைத் தூசி தட்டி மறுபடி மாட்டிக்கொண்டு நடக்கக்கூடத் தயார் என்றார். கடைத்தெரு செட்டைப் பிரித்து எப்போதோ விறகாகப் போட்டாயிற்று, படத்தையே இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம், புதன்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள் என்றாள் அவள். அவர் மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார். ‘புதன் மூன்று மணி. காலைத் திருத்தப் பார்க்கிறோம். சரியா தப்பா என்று சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.’ இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தார். எடிட்டிங் அறை ஒரு மாடிக் கட்டடத்தின் கடைசியில் இருந்தது. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். ஒரு பெரிய திரை, அதற்கு எதிரே மேசை, சக்கரம் வைத்த நாற்காலிகள் மூன்று, சுவரோரம் ஒரு மர நாற்காலி, மூலையில் ஒரு பிளாஸ்க். மூன்றேகாலுக்குக் கதவைத் தட்டிவிட்டு மகள் உள்ளே வந்து, சுவரோரம் இருந்த நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டைரக்டர் அன்று வருத்தத்தில் இருந்தான். பிளாஸ்க்கைத் தொடவேயில்லை.

“அண்ணே, இருநூத்துப் பதிமூணு பேர் சீட்டு எழுதினாங்க. அதுல ஒருத்தர்தான் கால் தப்புன்னு எழுதினார். மத்தவங்க எல்லாம் அந்த நடைக்கு உருகிட்டாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?”

“அந்த ஒருத்தர் பேச்சை.”

“ஏன்?”

மகள் அவரைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. காரணத்தைச் சொன்னால் டைரக்டர் உட்கார மாட்டான், துள்ளிக் குதிப்பான். நாளைக்கே எல்லாப் பேட்டியிலும் அதைச் சொல்வான். மனைவியின் நடையைப் பூதத்துக்குக் கொடுத்த கலைஞர் என்று போஸ்டரில்கூடப் போடுவான்.

“கால் தப்பு தம்பி. தப்புன்னா தப்புதான்.”

“பூதத்துக்கு எந்தக் காலா இருந்தா என்னண்ணே?”

“பூதத்துக்கு ஒண்ணுமில்ல” என்றார்.

டைரக்டர் கையை விரித்தான். எடிட்டர் இடையில் புகுந்தாள். “திருப்பிப் பாத்துட்டு அப்புறம் சண்டை போடுங்க. இப்பவே சொல்லிடறேன், கடைப் பலகை எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கற மாதிரி தெரியும். இதையே வெச்சுக்கறதுன்னா பதினொரு பலகையையும் மறைக்கணும். எனக்கு ரெண்டு நாள் வேலை.”

விளக்கை அணைத்தாள். பூதம் பெரிதாகத் தெரிவதற்காகப் பாதி அளவில் கட்டிய கடைத்தெரு திரையில் வந்தது. துணிக்கடை, மருந்துக்கடை, சலவைக்கடை என்று எல்லா எழுத்தும் புரண்டு கிடந்தது. டைரக்டர் வாய்க்குள் முனகினான். தெருவின் கடைசியில் பூதம் காலெடுத்து வைத்தது.

முகவாய். சுவரில் கை. ஒரு அடி. பிறகு இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்த அந்தக் கால்.

அரங்கில் பார்த்தபோதே அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, அவளேதான், ஆனால் அவளில்லை என்று. ரப்பர்தான் கெடுக்கிறது என்று நினைத்திருந்தார். இப்போது அதே ரப்பர், அதே ரோமம், நெற்றியில் அதே கோணல் கொம்பு. ஆனால் வருவது அவள். கட்டிலிலிருந்து எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்தபடி தினம் வருவாளே, அப்படியே வந்தாள். இரண்டு வருடம் அவர் பார்த்த பக்கம் இது ஒன்றுதான். அலமாரியோரம் நின்று பார்த்தது ஏழே ஏழு அடி. அது உடம்பில் தங்கவில்லை. எதிரே நின்று பார்த்ததைத்தான் கண்ணாடிக்குள் கொண்டுவந்திருக்கிறார். கண்ணாடிக்குள் அவளுடைய இடது கால் தெரிய, வெளியே அவர் இழுத்தது வலது.

இதையெல்லாம் அவர் யோசித்தாரா என்றால் இல்லை. எப்போது எழுந்தார் என்பதே அவருக்குத் தெரியாது. பூதம் இரண்டாவது அடி வைத்தபோது அவருடைய இரண்டு கைகளும் உள்ளங்கை மேலே பார்க்க நீண்டிருந்தன. பூதம் காலை இழுத்தபோது அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். மூன்றாவது அடி, இன்னொன்று. எடிட்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நான்கு. ஐந்து. அவர் முதுகுக்குப் பின்னால், இருட்டில், அவர் உட்கார்ந்திருந்த சக்கரம் வைத்த நாற்காலி நின்றுகொண்டிருந்தது.

மகள் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் எழுந்து வந்து, நாற்காலியை அவர் வழியிலிருந்து தள்ளிவைத்தாள். தரையில் கிடந்த ஒரு வயரைக் காலால் ஒதுக்கினாள். பிறகு இன்னும் கொஞ்சம் பின்னால் போய், வேறு ஏதாவது கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

திரையில் ஏழாவது அடி வந்தது. பூதம் நின்று, மெல்லத் தலையைத் திருப்பியது. அவர் கைகளைக் கீழே போடவில்லை.